சாயங்கால பாக்ஸிங் செஷன்: புதுசா வர்றவங்க கேக்குற கேள்விகளும் பதில்களும்

பாக்ஸிங் ஜிம்முக்கு புதுசா வர்றவங்களும் சரி, வரலாமா வேணாமான்னு வாசல்லயே நின்னு யோசிக்கிறவங்களும் சரி, கேக்குற கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கு. நான் கோச் இல்ல. சாயங்காலம் வந்து பயிற்சி பண்ணிட்டு, கோச் சொன்னா புது ஆளுங்களுக்கு ராப் (கைல சுத்துற துணிப்பட்டை) கட்டி விடுறது, பேட் (குத்து வாங்க கைல மாட்டிக்கிற மெத்தை) பிடிக்கிறதுன்னு கூட நிக்கிற ஆள். அப்படி நிக்கும்போது என் காதுல விழுந்த கேள்விகளை இங்க எழுதி வைக்கிறேன். சிலதுக்கு ரெண்டு வரிலயே பதில் முடிஞ்சிடும், சிலது நீளமா போகும், தலைல அடிபடுற விஷயத்தை எல்லாம் சுருக்கி சொல்ல எனக்கு மனசு வரல.

ஒரு சாயங்காலம் ஜிம்ல என்னதான் நடக்கும்?

மொத்தம் ஒன்றரை மணி நேரம்னு வச்சுக்கோங்க. உள்ள வந்ததும் அங்க இருக்கிற ஒவ்வொருத்தர்கிட்டயும் போய் முஷ்டியை லேசா முட்டிட்டு வரணும், போட்டிக்கு போயிட்டு வந்தவரா இருந்தாலும் சரி, போன வாரம் சேர்ந்தவரா இருந்தாலும் சரி. இதை யாரும் ரூல்னு எழுதி ஒட்டல, ஆனா எல்லாரும் செய்வாங்க. இன்னும் கொஞ்ச நேரத்துல அதே கை உங்க முகத்துக்கு நேரா வரப்போகுது, அதுக்கு முன்னாடி ஒரு தடவை கண்ணைப் பார்த்து சிரிச்சுக்கிறது நல்லதுதானே.

அப்புறம் டைமர் ஓட ஆரம்பிச்சிடும். 3 நிமிஷம் வேலை, 1 நிமிஷம் ரெஸ்ட், ரவுண்ட் முடிய 10 செகண்ட் இருக்கும்போது ஒரு எச்சரிக்கை சத்தம், அவ்வளவுதான், அதுக்கப்புறம் சாயங்காலம் முழுக்க அந்த பெல் சொல்றதுதான் சட்டம். முதல்ல ரெண்டு மூணு ரவுண்ட் ஸ்கிப்பிங், கணுக்காலும் கெண்டைக்காலும் சூடாகணும், ஏன்னா பாக்ஸிங்ல கையை விட காலுக்குத்தான் முதல் வேலை. அடுத்து ஷேடோ பாக்ஸிங், அதாவது எதிர்ல ஆள் நிக்கிறதா நினைச்சுக்கிட்டு வெறும் காத்துல குத்துறது, கண்ணாடி முன்னாடி நின்னு பண்ணீங்கன்னா குத்துற நேரத்துல இன்னொரு கை தாடையை விட்டு கீழ இறங்குறது உங்களுக்கே நல்லா தெரியும். அப்புறம் க்ளவுஸ் மாட்டிட்டு, தொங்குற பேக்கை குத்துறது. அதுக்கப்புறம் ஜோடி ஜோடியா பிரிஞ்சு பேட் ஒர்க், இல்லன்னா டிரில், அதாவது ஒரே அசைவை திரும்பத் திரும்ப போட்டுப் பழகுறது. கோச் அனுமதி கொடுத்தவங்க மட்டும் ரிங்ல ஏறி ஸ்பாரிங் (எதிர்ல நிஜ ஆளை வச்சு பயிற்சி சண்டை) போடுவாங்க, மத்தவங்க கயித்துக்கு வெளிய நின்னு பார்ப்போம், பார்க்கிறதும் பயிற்சிதான். கடைசியா வயிறு, கழுத்து, புஷ்-அப், ஸ்ட்ரெச்சிங்.

பேக்ல போடுற கடைசி ரவுண்ட்தான் எனக்கு ரொம்ப பிடிச்சது. 10 செகண்ட் சத்தம் கேட்டதும் பெல் அடிக்கிற வரைக்கும் கையை நிறுத்தவே கூடாது. தோள்பட்டை கனத்துப் போய் கை மேல ஏறவே மாட்டேங்கும், அந்த நேரம் பக்கத்து பேக்ல இருக்கிறவர் உங்களைப் பார்த்து "விடாத, இன்னும் அஞ்சு, இன்னும் நாலு"ன்னு கத்துவார், அவருக்கே மூச்சு வாங்கிட்டு இருக்கும், அந்த மூச்சையும் உங்களுக்காக செலவு பண்ணுவார்.

முதல்ல உடம்பை கொஞ்சம் தேத்திட்டு வரட்டுமா?

வேணாம், நேரா வந்துடுங்க. தேத்திட்டு வர்றேன்னு போனவங்க யாரும் திரும்பி வந்து நான் பார்த்ததில்ல. முதல் நாள் ரெண்டாவது ரவுண்ட் ஸ்கிப்பிங்லயே மூச்சு முட்டும், ஓரமா நின்னு ரெஸ்ட் எடுத்துக்கோங்க, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. ஆனா தலை சுத்துது, நெஞ்சு ஒரு மாதிரி இருக்குன்னா மட்டும் மறைக்காம உடனே கோச்கிட்ட சொல்லிடுங்க.

40 வயசு தாண்டிடுச்சு, இப்ப ஆரம்பிக்கலாமா?

தாராளமா. சர்வதேச அமெச்சூர் பாக்ஸிங்ல எலைட்ங்கிற பெரியவங்க பிரிவுக்கு 19ல இருந்து 40 வரைன்னு வயசு வரம்பு இருக்கு, ஆனா அது போட்டிக்கு, பயிற்சிக்கு வரம்பே கிடையாது. ஜார்ஜ் ஃபோர்மேன் 1994ல திரும்பவும் ஹெவிவெயிட் சாம்பியன் ஆனப்போ அவருக்கு 45 வயசு. அவர் அளவுக்கு யாரும் உங்களை கேக்கல. பிபி, இதயப் பிரச்னை, கண்ல ரெட்டினா சம்பந்தமா ஏதாவது இருந்திருந்தா, முன்னாடி எப்பவாவது தலைல பலமா அடிபட்டிருந்தா, டாக்டரைப் பார்த்துட்டு வாங்க. ஸ்பாரிங் போடாமலே வருஷக்கணக்கா பேக், பேட், டிரில்னு பயிற்சி பண்றவங்க இருக்காங்க, அவங்களும் எங்களுக்கு பாக்ஸர்கள்தான்.

என்னென்ன எடுத்துட்டு வரணும்?

தண்ணி பாட்டில், துண்டு, ஷார்ட்ஸ், டி-ஷர்ட், அடிப்பாகம் தட்டையா இருக்கிற ஷூ. ஓடுறதுக்குன்னு வாங்கின ஷூல குதிகால் பக்கம் உசரமா இருக்கும், அதைப் போட்டுக்கிட்டு பக்கவாட்டுல நகர்ந்தா கணுக்கால் மடங்க வாய்ப்பு இருக்கு. மோதிரம், செயின், தோடு எல்லாத்தையும் கழட்டி வச்சிட்டு வாங்க, நகம் வெட்டி இருக்கட்டும்.

ஹேண்ட் ராப் மட்டும் உங்களுக்குன்னு சொந்தமா வேணும். க்ளவுஸை அவசரப்பட்டு வாங்காதீங்க, முதல் சில வாரம் ஜிம்ல இருக்கிறதே போதும். வாங்கும்போது எடையைப் பார்த்து வாங்குங்க. க்ளவுஸ் எடையை அவுன்ஸ்ல சொல்லுவாங்க, ஒரு அவுன்ஸ் கிட்டத்தட்ட 28 கிராம். புரொஃபஷனல் போட்டில எடைப்பிரிவைப் பொறுத்து 8 அல்லது 10 அவுன்ஸ் போடுவாங்க, ஆனா ஸ்பாரிங்க்கு பொதுவா 16 அவுன்ஸ், அதாவது ஒரு கைக்கே சுமார் 450 கிராம். இவ்வளவு கனமா, மெத்துமெத்துன்னு இருக்கிறதுக்கு காரணம் உங்க கை மட்டும் இல்ல, எதிர்ல நிக்கிறவர் முகமும்தான்.

ஹேண்ட் ராப் எதுக்கு? க்ளவுஸே மெத்துன்னுதானே இருக்கு?

க்ளவுஸ் வெளிய இருந்து வர்ற அதிர்ச்சியை கொஞ்சம் வாங்கிக்கும், ஆனா உள்ள இருக்கிற எலும்புகளை ஒண்ணா பிடிச்சு வைக்கிறது ராப்தான். ஒரு கைல 27 எலும்பு இருக்கு, அதுல விரலுக்கு கீழ உள்ளங்கைல ஓடுற அஞ்சு நீள எலும்பும் ரொம்ப மெல்லிசு. சுண்டு விரல் பக்கமா குத்து பட்டா அந்தப் பக்கத்து எலும்பு முட்டிக்கு கொஞ்சம் கீழ உடையலாம், இதுக்கு பாக்ஸர் எலும்பு முறிவுன்னே டாக்டர்கள் பேர் வச்சிருக்காங்க. அதனாலதான் ஆள்காட்டி விரல், நடுவிரல் இந்த ரெண்டோட முட்டிதான் முதல்ல படணும்னு கோச் விடாம சொல்லிட்டே இருப்பார்.

பெரியவங்களுக்கான ராப் சுமார் நாலரை மீட்டர் நீளம் இருக்கும். கட்டும்போது விரலை எல்லாம் நல்லா விரிச்சு வச்சுக்கோங்க, இது ரொம்ப முக்கியம், மூடி வச்சு கட்டினா அப்புறம் முஷ்டி பிடிக்கும்போது இறுகிடும். நுனில இருக்கிற வளையத்தை கட்டை விரல்ல மாட்டி, புறங்கை வழியா கொண்டு வந்து மணிக்கட்டுல மூணு சுத்து, அப்புறம் முட்டி மேல மூணு சுத்து, அப்புறம் சுண்டு விரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவுல ஒண்ணு, அடுத்த இடைவெளில ஒண்ணு, அதுக்கடுத்ததுல ஒண்ணு, ஒவ்வொரு தடவையும் மணிக்கட்டுக்கு திரும்பி வரணும். கட்டை விரலை ஒரு சுத்து சுத்தி, மிச்சத்தை முட்டிலயும் மணிக்கட்டுலயும் முடிச்சு ஒட்டிடுங்க. முஷ்டியை மூடினா கெட்டியா இருக்கணும், திறந்தா வலிக்கக் கூடாது, விரல் நுனி மரத்துப் போனாலோ நிறம் மாறினாலோ அவிழ்த்து திரும்ப கட்டுங்க.

புதுசா வந்தவங்களுக்கு நாங்கதான் கட்டி விடுவோம். கையை நீட்டி என் வயித்துல ஊனிட்டு நிப்பாங்க, நான் சுத்திக்கிட்டே என்ன வேலை பண்றீங்க, முன்னாடி எங்கயாவது அடிபட்டிருக்கான்னு கேப்பேன். பயந்துட்டு வந்தவங்க கூட ரெண்டாவது கை கட்டி முடிக்கிறதுக்குள்ள சகஜமா பேச ஆரம்பிச்சிடுவாங்க. கட்டத் தெரிஞ்ச பிறகும் சிலர் சும்மா கையை நீட்டிட்டு வந்து நிப்பாங்க, அதுவும் நல்லாத்தான் இருக்கு.

ரவுண்ட் ஏன் சரியா 3 நிமிஷம்?

1867ல வெளியான குவீன்ஸ்பெர்ரி விதிகள்ல இருந்து வந்தது. 3 நிமிஷ ரவுண்ட், நடுவுல 1 நிமிஷ ஓய்வு, கீழ விழுந்தவர் எழ 10 செகண்ட், கைல க்ளவுஸ், இது எல்லாமே அந்த விதிகள்லயே இருக்கு. அதுக்கு முன்னாடி வெறுங்கைல சண்டை போட்ட காலத்துல யாராவது ஒருத்தர் கீழ விழுந்தாதான் ஒரு ரவுண்ட் முடிஞ்சதா கணக்கு, அப்ப ரவுண்ட் எவ்வளவு நேரம் போகும்னு யாருக்கும் தெரியாது. முதல் தடவை 3 நிமிஷம் முழுசா கையைத் தூக்கி வச்சிருந்து பாருங்க, அது எவ்வளவு பெரிய நேரம்னு புரியும்.

வந்ததுல இருந்து ஜாப் மட்டுமே போட வைக்கிறாங்க, எப்ப மத்த குத்து எல்லாம் சொல்லித் தருவாங்க?

இந்தக் கேள்வியை கேக்காதவங்களே இல்ல. ஜாப்ங்கிறது முன்னாடி இருக்கிற கையால நேரா குத்துறது, ஆர்த்தடாக்ஸ் நிலைல, அதாவது இடது கால் முன்னாடி வச்சு நின்னா இடது கை. உங்க கிட்ட இருக்கிற குத்துலயே எதிராளிக்கு ரொம்ப பக்கத்துல இருந்து கிளம்புறது அதுதான், அதனால சீக்கிரம் போய்ச் சேரும், தூரத்தை அளக்கும், எதிராளியை கிட்ட வர விடாம நிறுத்தும், பின்னாடி வர்ற பெரிய குத்துக்கு வழி திறந்து விடும். லாரி ஹோம்ஸ் ஏழு வருஷத்துக்கு மேல ஹெவிவெயிட் சாம்பியனா இருந்தார்னா அதுல பெரும் பங்கு அவரோட இடது கை ஜாபுக்குத்தான்.

ஒரு ஜாப்ல எத்தனை விஷயம் இருக்குன்னு பாருங்க. குதிகால் லேசா தூக்கின பின்னங்கால்ல இருந்து தள்ளணும், முன்னங்கால் கொஞ்சம் முன்னாடி போகணும், முழங்கை வெளிய விரியாம நேரா போகணும், கடைசி நேரத்துல முஷ்டி திரும்பி உள்ளங்கை தரையைப் பார்க்கணும், தோள்பட்டை ஏறி தாடையை மறைக்கணும், மூக்கு வழியா புஸ்ஸுன்னு மூச்சை விடணும், போன வழியிலயே கை திரும்பி வரணும், இவ்வளவும் நடக்கிற வரைக்கும் இன்னொரு கை கன்னத்தை விட்டு அசையக் கூடாது. இதுல நாலு விஷயம் சரியா வந்தா அஞ்சாவது விட்டுப் போகும். அதனாலதான் வாரக்கணக்குல அதையே போட வைக்கிறாங்க. கிராஸ் (பின் கையால நேரா குத்துறது), ஹூக் (பக்கவாட்டுல வளைச்சு குத்துறது), அப்பர்கட் (கீழ இருந்து மேல குத்துறது) எல்லாம் வரும், ஆனா நிக்கவும் நகரவும் தெரியாம ஹூக் கத்துக்கிட்டா ஒவ்வொரு ஹூக்குக்கும் நீங்களே தடுமாறி விழுவீங்க.

எனக்கு கத்துக்கணும்னு வந்தா மத்தவங்களுக்கு பேட் பிடிக்க சொல்றாங்களே, ஏன்?

இந்த ஒரு கேள்விக்காகத்தான் நான் இவ்வளவு எழுத உட்கார்ந்தேன்னு கூட சொல்லலாம்.

வெளிய இருந்து பார்த்தா பாக்ஸிங் தனியாள் விளையாட்டு. ரிங்ல ஏறினா நீங்களும் எதிராளியும்தான், தோத்தா நீங்கதான் தோத்தீங்க. ஆனா அந்த ரிங்க்கு உங்களைக் கொண்டு போறதுக்கு எத்தனை பேர் கை வேணும்னு உள்ள வந்தாதான் தெரியும். யாராவது ஒருத்தர் பேட் பிடிக்கணும், ஒருத்தர் அவரை நீங்க அடிச்சுப் பழக இடம் கொடுக்கணும், ஒருத்தர் கயித்துக்கு வெளிய நின்னு "வலது கை இறங்குது"ன்னு கத்தணும். யாரும் தன் தாடை எங்க திறந்திருக்குன்னு தானே பார்த்துக்க முடியாது, எதிர்ல நிக்கிறவர்தான் அதைக் காட்டிக் கொடுக்கணும், அதையும் வலிக்காம காட்டிக் கொடுக்கணும்.

பேட் பிடிக்கிறது சும்மா கையைத் தூக்கி வச்சு நிக்கிறது இல்ல. பேட் உங்க முகத்துகிட்ட, நிஜ குத்து வர்ற உயரத்துல இருக்கணும், பக்கவாட்டுல அகலமா வச்சா எதிர்ல இருக்கிறவர் ஆளை விட்டுட்டு காத்தைக் குத்திப் பழகிடுவார். குத்து வந்து படுற நேரத்துல பேடை ஒரு இஞ்ச் முன்னாடி கொண்டு போய் சந்திக்கணும், அப்பதான் அந்த பட்டுன்னு சத்தம் வரும், அவர் தோள்பட்டைக்கும் பாதுகாப்பு. கையை தளர்வா விட்டா குத்து நழுவி அவருக்கு முழங்கை இழுத்துக்கும். அவர் ஜாப் போட்டுட்டு கையை மெதுவா திரும்ப எடுக்கிறாரா, பேடால அவர் கன்னத்துல லேசா ஒரு தட்டு, அவ்வளவுதான், அடுத்த தடவை கை தானா சீக்கிரம் வரும். சோர்ந்து போனார்னா எண்ணிக்கையை குறைங்க, கோபத்துல குத்துறார்னா வேகத்தை குறைங்க. இப்படி இன்னொருத்தர் தோள்பட்டையையும் இடுப்பையும் மூச்சையும் ரவுண்ட் ரவுண்டா பார்த்துட்டு இருந்தா, ஹூக் வர்றதுக்கு முன்னாடி இடுப்பு எப்படி திரும்புதுன்னு உங்களுக்கு தானா பிடிபடும், நாளைக்கு ஸ்பாரிங்ல அதுதான் உங்களைக் காப்பாத்தும்.

எங்க ஜிம்ல நல்லா பேட் பிடிக்கிற ஒரு அக்கா இருக்காங்க, போட்டிக்கெல்லாம் போனதில்ல. போட்டிக்கு தயாராகுற பசங்க எல்லாம் அவங்ககிட்ட ஒரு ரவுண்டாவது கிடைக்கணும்னு வரிசைல நிப்பாங்க. குத்தோட சத்தத்தை வச்சே மணிக்கட்டு மடங்குதான்னு சொல்லிடுவாங்க, நிறுத்தி, க்ளவுஸ் மேலயே கையை வச்சு நேராக்கி, திரும்ப போட சொல்லுவாங்க.

ஸ்பாரிங் எப்ப விடுவாங்க?

கோச் சொல்லும்போது. சில மாசம் ஆகும், ஆளைப் பொறுத்து. முதல்ல உடம்புல மட்டும், இல்லன்னா ஜாப் மட்டும்னு கட்டுப்படுத்தி விடுவாங்க, அதுவும் அனுபவம் உள்ள ஒருத்தர் கூட. ரெண்டு புது ஆளுங்களை எதிரெதிரா விடுறது ஆபத்து, ரெண்டு பேருக்கும் பலத்தைக் கட்டுப்படுத்தத் தெரியாது. மவுத் கார்டு கட்டாயம், சுடுதண்ணில போட்டு கடிச்சு பல்லுக்கு அச்சு எடுக்கிற வகை ஆரம்பத்துக்கு போதும். கோச் இல்லாத நேரத்துல "சும்மா லேசா போடலாம் வா"ன்னு யாராவது கூப்பிட்டா போகாதீங்க.

பார்ட்னர் ரொம்ப பலமா அடிச்சா என்ன பண்றது?

வாயைத் திறந்து சொல்லுங்க. "கொஞ்சம் லேசா"ன்னு சொல்றதுல எந்த வெக்கமும் இல்ல, நல்ல பார்ட்னரா இருந்தா உடனே க்ளவுஸைத் தட்டிட்டு வேகத்தை குறைச்சிடுவார். பலமா பட்டது அவருக்கே தெரியாம கூட இருக்கலாம், பயத்துல கை இறுகிப் போனா குத்து தானா கனமாகும். சொல்லியும் குறையலன்னா நிறுத்திட்டு கோச்சைக் கூப்பிடுங்க. திருப்பி அதைவிட பலமா கொடுக்கணும்னு தோணும், அங்கதான் ஸ்பாரிங் சண்டையா மாறுது. பெரியவர், சின்னவர் ஜோடினா கனமான ஆள்தான் பலத்தைக் குறைக்கணும், அனுபவம் உள்ளவர், இல்லாதவர் ஜோடினா அனுபவம் உள்ளவர்தான் பொறுப்பு. புது ஆளை மடக்கி அடிச்சு பெருமைப்படுற ஆளுக்கு நல்ல ஜிம்ல பார்ட்னர் கிடைக்காம போயிடும், யாரும் அவரோட ரிங்ல ஏற மாட்டாங்க.

ஹெட் கார்டு போட்டா தலைக்கு ஒண்ணும் ஆகாதுதானே?

அப்படி நினைச்சு இருக்காதீங்க, தயவு செஞ்சு. ஹெட் கார்டு வெட்டுக்காயம், வீக்கம், காது அடிபடுறது, ரெண்டு தலை முட்டிக்கிறது இதையெல்லாம் நல்லா குறைக்கும். ஆனா குத்து பட்டு தலை வெட்டித் திரும்பும்போது மண்டைக்குள்ள மூளை குலுங்குது பாருங்க, அதை எந்த ஹெட் கார்டாலயும் நிறுத்த முடியாது. ஒலிம்பிக்ஸ்ல 1984ல ஹெட் கார்டு வந்துச்சு, ஆண்கள் எலைட் பிரிவுல 2013ல எடுத்துட்டாங்க, 2016 ரியோல ஆண்கள் அது இல்லாமதான் ஆடினாங்க. அது சரியா தப்பான்னு இன்னும் வாக்குவாதம் போயிட்டுதான் இருக்கு, ஆனா ஜிம்ல ஸ்பாரிங்க்கு போட்டுக்கிறதுதான் புத்திசாலித்தனம்னு நான் நினைக்கிறேன், கூடவே அதை நம்பி அடி வாங்கக் கூடாதுன்னும்.

அடிபட்ட பிறகு தலைவலி, தலைசுத்தல், குமட்டல், கண் மங்கல், வெளிச்சம் கூசுறது, கேட்டதையே திரும்பக் கேக்குறது, நடந்தது ஞாபகம் இல்லாம போறது, இதுல ஒண்ணு இருந்தாலும் அன்னிக்கு பயிற்சி முடிஞ்சது. அடுத்த ரவுண்ட் கிடையாது. மயங்கி விழணும்னு அவசியமே இல்ல, மயக்கமே வராம மூளை அதிர்ச்சி வரலாம், சில சமயம் வீட்டுக்குப் போய் சில மணி நேரம் கழிச்சு கூட அறிகுறி தெரியும். டாக்டரைப் பார்த்துட்டு, அறிகுறி முழுசா போய், படிப்படியா பயிற்சியை ஏத்தின பிறகுதான் திரும்ப ஸ்பாரிங். முதல் அதிர்ச்சி ஆறாத நேரத்துல இன்னொரு அடி பட்டா அது உயிருக்கே ஆபத்தாகலாம். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கிட்டே போற தலைவலி, எழுப்ப முடியாத தூக்கம், பேச்சுக் குழறல், வலிப்பு, ஒரு கண் பாப்பா இன்னொண்ணை விட பெருசா தெரியுறது, இதுல எது இருந்தாலும் நேரா எமர்ஜென்சிக்கு.

இங்கயும் கூட இருக்கிறவங்கதான் முக்கியம். அடிபட்ட ஆள் "எனக்கு ஒண்ணும் இல்ல"ன்னுதான் சொல்லுவார், நடை மாறி இருக்கிறதை பக்கத்துல இருக்கிறவர்தான் கவனிப்பார். அப்படி ஒரு நாள் இருந்தா அவரைத் தனியா வீட்டுக்கு அனுப்ப மாட்டோம், ராத்திரி போன் பண்ணி விசாரிப்போம்.

மூக்குல ரத்தம் வந்தா தலையை அண்ணாந்து வச்சுக்கணுமா?

கூடாது, ரத்தம் தொண்டைக்குள்ள போகும். உட்கார்ந்து, லேசா முன்னாடி குனிஞ்சு, மூக்கோட மெத்துன்னு இருக்கிற பகுதியை ரெண்டு விரலால 10 முதல் 15 நிமிஷம் விடாம அழுத்திப் பிடிங்க, வாயால மூச்சு விடுங்க. அப்புறமும் நிக்கலன்னா, இல்ல மூக்கு கோணலா தெரிஞ்சா டாக்டர்கிட்ட போகணும். நின்ன பிறகு மூக்கை சிந்தாதீங்க. ரிங் தரைல விழுந்த ரத்தத்தை கிருமிநாசினி போட்டு துடைச்ச பிறகுதான் அடுத்த ஜோடி ரிங் ஏறணும்.

வயித்துல குத்து வாங்கினா மூச்சே நின்னு போற மாதிரி இருக்கே?

நெஞ்செலும்புக்கு கீழ பட்டா மூச்சு விட உதவுற தசையான உதரவிதானம் கொஞ்ச நேரம் இறுகிப் போகும், அதனாலதான் மூச்சு உள்ள போகாத மாதிரி இருக்கும். முட்டி போட்டு உட்கார்ந்து மெதுவா மூச்சை வெளிய விட முயற்சி பண்ணுங்க, தானா சரியாகும். வலது விலாவுக்கு கீழ கல்லீரல் இருக்கு, அங்க ஒரு இடது ஹூக் சுத்தமா பட்டா எவ்வளவு பெரிய ஆளும் உட்கார்ந்துடுவார், மனசு எழுந்திருன்னு சொல்லும், உடம்பு கேக்காது. வலி குறையாம கூடிக்கிட்டே போனா, சிறுநீர்ல ரத்தம் தெரிஞ்சா டாக்டர்.

எனக்கு கோபம் ஜாஸ்தி, அதுக்காகத்தான் வர்றேன், சரியா?

அப்படி வந்தவங்க நிறைய பேர். முகமது அலி 12 வயசுல தன் சைக்கிளைத் திருடினவனை அடிக்கப் போறேன்னு கோபமா ஒரு போலீஸ்காரர்கிட்ட போய் சொன்னார், அந்த போலீஸ்காரர் ஜோ மார்ட்டின் ஒரு பாக்ஸிங் ஜிம்ல பசங்களுக்கு பயிற்சியும் கொடுத்துட்டு இருந்தார், முதல்ல சண்டை போட கத்துக்கோன்னு கூட்டிட்டுப் போனார். ஆறு வருஷத்துல, 1960 ரோம் ஒலிம்பிக்ஸ்ல அந்தப் பையனுக்கு தங்கம்.

கோபத்தை பேக் மேல காட்டுங்க, பேக் தாங்கும். ஆனா ரெண்டு ரவுண்டுக்கு மேல கோபம் தாங்காது, மூச்சு போயிடும், அதுக்கப்புறம் நிதானமா இருக்கிறவர்தான் நிப்பார். ரிங்குக்குள்ள மட்டும் கோபத்தோட வராதீங்க, அன்னிக்கு மனசு சரியில்லன்னா கோச்கிட்ட சொல்லிட்டு ஸ்பாரிங்கை விட்டுடுங்க, யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க.

முகத்துல அடி வாங்கினதும் அழுகை வருது, நான் இதுக்கு லாயக்கு இல்லையா?

மூக்குல பட்டா கண்ணுல தண்ணி வர்றது உடம்போட இயல்பு, அது எல்லாருக்கும் வரும். மனசால அழுகை வர்றதும் நடக்கும், பெரிய பெரிய ஆளுங்களே ஓரமா போய் முகத்தைக் கழுவிட்டு வர்றதை நான் பார்த்திருக்கேன். ஒருத்தர் முகத்துக்கு நேரா கை வர்றப்போ கண்ணை மூடாம இருக்கிறது பழகி வர்ற விஷயம், அதுக்கு பார்ட்னர் உங்களை மெதுவா, க்ளவுஸ் உரசுற அளவுக்கு மட்டும் தொட்டுத் தொட்டு பழக்கணும். அப்படிப் பழக்கிற பொறுமை இருக்கிறவரை தேடிப் பிடிச்சுக்கோங்க.

பொண்ணுங்க வரலாமா?

வரலாம், வர்றாங்க. ஒலிம்பிக்ஸ்ல பெண்கள் பாக்ஸிங் 2012 லண்டன்லதான் முதல் தடவையா வந்துச்சு, நிக்கோலா ஆடம்ஸ் முதல் தங்கம் வாங்கினாங்க, அதே எடைப்பிரிவுல மேரி கோம் வெண்கலம் வாங்கினாங்க. டிரில், பேட் எல்லாம் எல்லாரும் கலந்துதான், ஸ்பாரிங்ல எடையும் அனுபவமும் பார்த்து ஜோடி சேர்ப்பாங்க. பொண்ணுங்கிறதுக்காக பேடை தொட்டும் தொடாம பிடிக்கிறவங்களும் இருக்காங்க, அது மரியாதை இல்ல, அவங்க கத்துக்க வந்ததை தடுக்கிறது. நேரா சொல்லிடுங்க.

நான் இடது கைக்காரன், எப்படி நிக்கணும்?

பொதுவா வலது கால், வலது கை முன்னாடி, பலமான இடது கை பின்னாடி, இதுதான் சவுத்பா. உலக சாம்பியன்களான பக்கியாவ், உசிக் ரெண்டு பேரும் சவுத்பாதான். ஆனா ஆஸ்கர் டி லா ஹோயா மாதிரி இடது கைக்காரரா இருந்துட்டே ஆர்த்தடாக்ஸா நின்னவங்களும் உண்டு. கோச் ரெண்டு பக்கமும் நிக்க வச்சுப் பார்த்துட்டு சொல்லுவார். எதிர்ல சவுத்பா நின்னா எங்களுக்கு கோணமே மாறிடும், அதனால உங்களோட ஜோடி சேர எல்லாரும் ஆசைப்படுவாங்க.

வெயிட் குறையுமா? வாரத்துக்கு எத்தனை நாள் வரணும்?

சாப்பாட்டையும் பார்த்துக்கிட்டா குறையும், வெறும் பயிற்சியை மட்டும் நம்பாதீங்க. பயிற்சிக்கு ரெண்டு மூணு மணி நேரம் முன்னாடி சாப்பிட்டு முடிச்சிடுங்க. செஷன் முடிஞ்சதும் தராசுல குறைஞ்சு தெரியுறது வெறும் தண்ணி, அதை நம்பி தண்ணி குடிக்காம இருக்காதீங்க. ஆரம்பத்துல வாரம் மூணு நாள், நடுவுல ஒரு நாள் இடைவெளி விட்டு வந்தா போதும், முட்டியும் மணிக்கட்டும் தசையை விட மெதுவாத்தான் பழகும்.

எனக்கு அங்க யாரையும் தெரியாது, கூச்சமா இருக்கு.

ஒரு வாரம்தான். இங்க பேசிப் பழகுறதை விட வேலை செஞ்சு பழகுறதுதான் அதிகம். ஒருத்தர் க்ளவுஸ் மாட்டினா அவரால இன்னொரு க்ளவுஸ் பட்டையை ஒட்ட முடியாது, பக்கத்துல இருக்கிறவர்கிட்ட கையை நீட்டணும், தண்ணி பாட்டிலைத் திறக்க முடியாது, யாராவது வாய்கிட்ட பிடிச்சு ஊத்தணும். மேனேஜர், டிரைவர், ஸ்டூடண்ட்னு வெளிய எப்படி இருந்தாலும் இங்க எல்லாரும் இப்படி கையை நீட்டிக்கிட்டு நிக்கிறவங்கதான். செஷன் முடிஞ்சதும் உடனே யாரும் கிளம்ப மாட்டாங்க, ரிங் ஓரத்துல உட்கார்ந்து ராப்பை அவிழ்த்து சுருட்டிட்டே இன்னிக்கு யார் யாருக்கு என்ன வந்துச்சு, எது வரலன்னு பேசுவாங்க, பத்து நிமிஷம் முன்னாடி உங்க விலால குத்தினவரே "அந்த இடத்துல முழங்கையை கொஞ்சம் உள்ள வச்சிருந்தா நான் அடிச்சிருக்கவே முடியாது"ன்னு தன் ரகசியத்தை உங்ககிட்டயே சொல்லிக் கொடுப்பார். அந்த நேரத்துக்கு இருந்து பாருங்க, பெல் அடிச்சதும் ஓடிடாதீங்க.

போட்டிக்கு போய்த்தான் ஆகணுமா?

இல்ல. போக ஆசைப்பட்டா கோச் தயார்னு சொன்ன பிறகு, மெடிக்கல் எல்லாம் முடிச்சுட்டு போங்க. ஒருத்தர் போட்டிக்கு தயாராகும்போது மொத்த ஜிம்மும் சேர்ந்து தயாராகும், ஒவ்வொரு ரவுண்டும் புது ஆள் ரிங்ல ஏறி அவரை ஓய விடாம பார்த்துக்குவோம், அதுல ஒரு ரவுண்ட் உங்களுக்கும் கிடைக்கும்.

க்ளவுஸ் நாத்தம் அடிக்குது, என்ன பண்ண?

பையிலயே போட்டு வைக்காதீங்க, அதான் காரணம். வீட்டுக்குப் போனதும் வெளிய எடுத்து, உள்ள துடைச்சு, வாயைத் திறந்து வச்சு காத்தாட காய விடுங்க, கொளுத்துற வெயில்ல வேணாம், லெதர் வெடிச்சிடும். ராப்பை ஒவ்வொரு தடவையும் துவைங்க. தோல்ல படை, கொப்புளம், ஆறாத புண் ஏதாவது இருந்தா ஆறுற வரைக்கும் யாரோடயும் ஜோடி சேராதீங்க, ஜிம்ல தோல் நோய் சீக்கிரம் பரவும். மவுத் கார்டை யாருக்கும் கடன் கொடுக்காதீங்க.

பல மாசமா வரல, திரும்ப வர ஒரு மாதிரி இருக்கு.

வாங்க. எங்க போனீங்கன்னு ஒரு தடவை கேப்பாங்க, அப்புறம் கைல ஸ்கிப்பிங் கயித்தைக் கொடுத்துடுவாங்க. கைக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும், மூச்சுக்குத்தான் இருக்காது, அதனால பழைய வேகத்துல ஆரம்பிக்காதீங்க, முதல் ரெண்டு மூணு வாரம் ஸ்பாரிங் வேணாம். புது ஆளுங்க யாராவது இருந்தா அவங்களுக்கு பேட் பிடிங்க.